வாசலில் நிற்கும் வண்டிக்கு எந்த எர்த்?

படுக்கை, அடுப்பு, குளியலறை, ஃபிரிட்ஜ் என்று ஒரு சின்ன வீட்டையே வேனுக்குள் அடக்கிய வண்டி மோட்டார்ஹோம். நம் ஊரில் படப்பிடிப்புத் தளங்களில் கேரவன் என்ற பெயரில் நிற்கும் வண்டிக்கு நெருங்கிய உறவு. பிரிட்டனில் இதைச் சொந்தமாக வாங்கிக் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள் ஏராளம். விடுமுறை முடிந்ததும் வண்டி வீட்டு வாசலுக்கோ பக்கத்துப் புல்தரைக்கோ வந்துவிடும். வருடத்தின் பெரும்பகுதி அது அங்கேதான் நிற்கும்.

நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கும் மின்சாரம் தேவைப்படுகிறது. உள்ளே விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, ஓடாமல் கிடந்தாலும் தானாகவே மெல்ல இறங்கும். ஈய-அமில பேட்டரியை இறங்கிய நிலையிலேயே விட்டுவைத்தால் தகடுகளில் படியும் ஈய சல்ஃபேட் இறுகிப்போய், பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. பனிக்காலத்தில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்க உள்ளே கொஞ்சம் சூடு வேண்டும். பயணத்துக்கு முதல் நாளே ஃபிரிட்ஜைப் போட்டுக் குளிரவைக்க வேண்டும். ஆகவே வீட்டுச் சுவரில் ஒரு வெளிப்புற மின் இணைப்பு வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் சீக்கிரமே வந்துவிடுகிறது. பார்வைக்கு அது ஒரு பிளக் பாயிண்ட் வைக்கும் வேலைதான். மின்பொறியியலின் நுட்பமான கேள்வி ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கிறது.

ஐரோப்பாவின் முகாம் தளங்களில் வண்டிகளுக்கென்று இருக்கும் சாக்கெட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் நீல நிறம் நினைவிருக்கும். ஐ.இ.சி. 60309 என்ற சர்வதேசத் தரத்தைச் சேர்ந்தது அது. இந்தத் தரத்தில் நிறம் வோல்டேஜைச் சொல்லும்: மஞ்சள் 110 வோல்ட், நீலம் 230 வோல்ட், சிவப்பு 400 வோல்ட். நீல சாக்கெட்டின் வட்ட முகத்தில் மூன்று துளைகள். அவற்றில் எர்த் துளை மற்ற இரண்டையும்விடப் பெரியது. கடிகாரத்தின் 6 மணி இடத்தில் இருக்கும். மஞ்சளில் அதே துளை 4 மணி இடத்துக்கு நகர்ந்துவிடும். அதனால் ஒரு வோல்டேஜின் பிளக்கை இன்னொன்றில் எப்படித் திருப்பினாலும் செருக முடியாது. எர்த் முள் மற்றவற்றைவிட நீளமாகவும் இருக்கிறது. செருகும்போது முதலில் எர்த் சேரும், பிடுங்கும்போது கடைசியாக எர்த் விலகும். மேலே ஸ்பிரிங் மூடி. மழைத் தெறிப்பு உள்ளே போகாது. 16 ஆம்பியர் தாங்கும், அதாவது 3,680 வாட்.

இந்த வசதி இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்? சமையலறைச் சன்னலைக் கொஞ்சம் திறந்து, சாதாரண 13 ஆம்பியர் பிளக்கை ஒரு நீல சாக்கெட்டாக மாற்றும் அடாப்டர் வழியாக ஒயரை வெளியே விடுவார்கள். பேட்டரி சார்ஜ் ஏற மட்டும் என்றால், அந்த பிளக்குக்கு அது பெரிய சுமையில்லை. வண்டியின் ஹீட்டர் 1,800 வாட், பக்கத்தில் 2,000 வாட் கெட்டில் என்று சேரும்போது 16 ஆம்பியரைத் தாண்டிவிடும். பிரிட்டிஷ் பிளக்குக்குள் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ் அந்த அளவுக்கெல்லாம் உடனே உருகாது. வெகுநேரம் பொறுத்துக்கொள்ளும். அதற்குள் பிளக் பழுப்பேறி, சாக்கெட்டின் பிளாஸ்டிக் இளகத் தொடங்கும்.

ஒயரிலும் சூடு உண்டு. முகாம்களில் வழக்கமான 25 மீட்டர் கேபிளில் செம்பின் குறுக்களவு 2.5 சதுர மில்லிமீட்டர். போக 25, வர 25 என 50 மீட்டர் செம்புக்கு மின்தடை சுமார் 0.4 ஓம். 16 ஆம்பியர் ஓடினால் அந்தக் கேபிள் மட்டுமே ஏறத்தாழ 100 வாட்டை வெப்பமாக வெளியேற்றுகிறது. தரையில் நீட்டிப் போட்டிருந்தால் மீட்டருக்கு 4 வாட். காற்று அதைக் கொண்டுபோய்விடும். உருளையில் சுற்றியபடியே விட்டால் அதே 100 வாட்டும் ஒரு குடத்தின் அளவுள்ள இடத்தில் அடைபடுகிறது. உள் சுற்றுகளில் இன்சுலேஷன் உருகி ஒட்டிக்கொள்ளும். கேபிளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள் என்று முகாம்களில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எனவே நிரந்தர இணைப்புதான் சரி. மெயின் போர்டிலிருந்து தனிப் பிரேக்கர், தோட்டத்து மண்ணுக்கடியில் எஃகுக் கம்பிக் கவசம் போட்ட கேபிள், கடைசியில் மழை புகாத பெட்டியில் நீல சாக்கெட். 20 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளில் முழுச் சுமையின்போது 6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இழப்பு. வெளி ஒயரையும் சேர்த்தால் 12 வோல்ட் போய்விடும் என்பதால் 4 சதுர மில்லிமீட்டராகப் போடுவது நல்லது. இவையெல்லாம் கணக்குப் போட்டு முடித்துவிடக்கூடிய விஷயங்கள். சிரமம் மூன்றாவது கம்பியில், எர்த்தில் இருக்கிறது.

எர்த் கம்பியை நாம் காவல் தெய்வமாக நினைக்கப் பழகியிருக்கிறோம். அதில் தவறில்லை. ஃபேஸ் கம்பி அறுந்து வண்டியின் உலோக உடலைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். எர்த் இல்லையென்றால் உடல் முழுக்க 230 வோல்ட்டில் யாராவது தொடும்வரை காத்திருக்கும். எர்த் இருந்தால் மின்னோட்டம் அந்த வழியே பாய்ந்து பிரேக்கரைத் தட்டிவிடும்.

அதற்கு மேல் இன்னொரு பாதுகாப்பாக ஆர்.சி.டி. இருக்கிறது. நம் எலக்ட்ரீஷியன்கள் பலரும் ஈ.எல்.சி.பி. என்று பழைய பெயரிலேயே சொல்வார்கள். அதன் உள்ளே ஒரு காந்த வளையம். ஃபேஸும் நியூட்ரலும் அந்த வளையத்துக்குள் சேர்ந்து நுழைகின்றன. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கும்வரை அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எங்கோ ஒரு மனித உடல் வழியாக 30 மில்லி ஆம்பியர் மண்ணுக்குக் கசிந்தால் கணக்கு இடிக்கும். வளையத்தில் சுற்றிய மெல்லிய கம்பிச்சுருளில் மின்சாரம் பிறந்து சுவிட்சைத் தட்டிவிடும். கசிவு 150 மில்லி ஆம்பியர் என்றால் 40 மில்லி விநாடிக்குள் துண்டித்தாக வேண்டும் என்பது தரம்.

எவ்வளவு மின்னோட்டத்தை உடல் தாங்கும் என்பதை ஆள்வைத்து அளந்தவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல். தன்னார்வலர்களின் கையில் ஒரு கம்பியைக் கொடுத்து, மின்னோட்டத்தை மெல்ல ஏற்றி, எந்த அளவில் பிடியை விட முடியாமல் போகிறது என்று குறித்துக்கொண்டார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. அதற்கு மேல் விரல்களை மடக்கும் தசைகளே வென்றுவிடும், கை கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். 1961-ல் அவர் உருவாக்கிய கசிவுத் துண்டிப்பான் வெறும் 5 மில்லி ஆம்பியரில் விழித்துக்கொள்ளும். அமெரிக்கா இன்றும் ஏறத்தாழ அந்த அளவிலேயே இருக்கிறது. பிரிட்டனும் ஐரோப்பாவும் 30 மில்லி ஆம்பியரைத் தேர்ந்தெடுத்தன: ஷாக் அடிக்கும், வலிக்கும், ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாவதற்குள் துண்டித்துவிடும்.

பிரேக்கர் இருக்கிறது, ஆர்.சி.டி. இருக்கிறது, வீட்டில் அருமையான எர்த்தும் இருக்கிறது. அதையே வண்டிக்கும் நீட்டிவிட்டால் என்ன? இந்த இடத்தில்தான் பிரிட்டனின் மின் விநியோக முறை குறுக்கே வருகிறது.

அங்கே பழைய வீடுகள் பலவற்றுக்குத் தெருக் கேபிளின் ஈயக் கவசமே தனி எர்த்தாக வந்தது. பின்னால் வந்த முறைக்கு பி.எம்.இ. என்று பெயர். இதில் தெருவிலிருந்து வீட்டுக்கு இரண்டே கம்பிகள். ஒன்று ஃபேஸ். மற்றொன்று நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்த ஒரே கம்பி. மின் நிறுவனம் அந்தக் கூட்டுக் கம்பியை வழிநெடுகப் பல இடங்களில் மண்ணோடு இணைத்திருக்கும். வீட்டு மீட்டருக்குப் பக்கத்தில், நிறுவனத்தின் ஃபியூஸ் பெட்டிக்குள்ளேயே அது இரண்டாகப் பிரிகிறது: இந்தப் பக்கம் நியூட்ரல், அந்தப் பக்கம் எர்த். ஒரு கம்பி மிச்சம், எர்த்தின் தரமும் உயர்வு. வெளிச்சுற்றின் மின்தடை 0.35 ஓமுக்கு மேல் போகாது என்று நிறுவனங்கள் கணக்குக் கொடுக்கின்றன. அப்படியென்றால் பழுது ஏற்பட்டால் 650 ஆம்பியருக்கு மேல் பாய முடியும். 16 ஆம்பியர் பிரேக்கர் கண்ணிமைப்பதற்குள் விழுந்துவிடும். வீட்டுக்குள் இருக்கும்வரை இதைவிடச் சிறந்த முறையைக் காண்பது கடினம்.

தெருவில் அந்தக் கூட்டுக் கம்பி அறுந்தால் என்ன ஆகும்? சாலை தோண்டும்போது வெட்டுப்படலாம். பழைய இணைப்பு அரித்துப்போய் விட்டுப்போகலாம். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடக்கிறது. உங்கள் வீட்டுக்கு வரும் கிளையில் மட்டும் அறுந்தது என்று வைத்துக்கொள்வோம். ஃபேஸ் அப்படியே இருக்கிறது, திரும்பும் வழி மட்டும் இல்லை. விளக்குகள் அணைகின்றன. டிவி நின்றுபோகிறது. கரண்ட் போய்விட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் சமையலறையில் கெட்டில் போட்டபடி இருக்கிறது. 230 வோல்ட் கெட்டிலின் சுருள் வழியே நியூட்ரலுக்கு வந்து, அங்கே வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. அந்த நியூட்ரல் மீட்டர் அருகே எர்த்தோடு ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால், வீட்டின் எர்த் முழுவதும் 230 வோல்ட்டை நெருங்குகிறது. எர்த்தோடு இணைந்த எல்லா உலோகமும் அதே நிலையில். வாசலில் நிற்கும் வண்டியின் உடலும் அதே நிலையில்.

வீடு இருண்டு கிடக்கிறது. வண்டியில் டார்ச் இருக்குமே என்று ஒருவர் ஈரப் புல்லில் செருப்பில்லாமல் நடந்துபோய்க் கதவின் கைப்பிடியைப் பிடிக்கிறார். 2,000 வாட் கெட்டிலின் சுருளுக்கு மின்தடை சுமார் 26 ஓம். மனித உடலுக்கு ஏறக்குறைய 1,000 ஓம் என்று கொள்வது வழக்கம். இரண்டும் தொடராக இணைகின்றன. காலடி மண்ணின் தடையைக் கழித்துவிட்டு மோசமான நிலையைக் கணக்கிட்டால், 230-ல் 224 வோல்ட் உடலின் பங்குக்கு வந்துவிடும். மின்னோட்டம் 200 மில்லி ஆம்பியரைத் தாண்டும். டால்சீலின் எல்லையைப் போல் பத்து மடங்குக்கு மேல். காலடி மண் இதை எவ்வளவோ குறைக்கலாம். ஈரம் அந்த உதவியையும் பறித்துக்கொள்ளும்.

ஆர்.சி.டி. என்ன செய்துகொண்டிருக்கிறது? எதுவும் செய்யாது. மின்னோட்டத்தின் பாதையை ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள். ஃபேஸ் வழியே கெட்டிலுக்குப் போனது. அதே அளவு நியூட்ரலில் திரும்பியது. கெட்டில் இருக்கும் சுற்றின் ஆர்.சி.டி.க்குக் கணக்கு சரியாக இருக்கிறது. பிறகு அது எர்த் கம்பியில் ஏறி வண்டிக்கு வருகிறது. எர்த் கம்பி எந்த ஆர்.சி.டி.யின் காந்த வளையத்துக்குள்ளும் போவதில்லை. வண்டியின் ஆர்.சி.டி.க்கும் எதுவும் தெரியாது. வண்டியின் சுவிட்சை அணைத்தாலும் பயனில்லை. அது ஃபேஸையும் நியூட்ரலையும் துண்டிக்குமே தவிர எர்த்தைத் துண்டிக்காது. நம்மைக் காக்க வந்த கம்பியே ஆபத்தைச் சுமந்து வருகிறது, நாம் அமைத்த காவல் எதுவும் அந்தப் பாதையைப் பார்ப்பதே இல்லை. வெளிப்புற மின் இணைப்பு பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் மனத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளும்படி கேட்பேன்.

இதே பழுதில் வீட்டுக்குள் இருப்பவர் பெரும்பாலும் தப்பிக்கிறார். ஷாக் அடிப்பதற்கு இரண்டு இடங்களுக்கிடையே வோல்டேஜ் வித்தியாசம் வேண்டும். வீட்டில் தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய், உலோகச் சட்டங்கள் எல்லாவற்றையும் எர்த்தோடு இணைத்துக் கட்டியிருப்பார்கள். எல்லாம் ஒன்றாக ஏறுகின்றன, ஒன்றாக இறங்குகின்றன. உலர்ந்த தரையில், நாலாபுறமும் ஒரே வோல்டேஜுக்கு நடுவே நிற்பவருக்கு ஒன்றும் ஆகாது. வண்டிக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் அப்படித்தான். ஆபத்து வாசற்படியில் இருக்கிறது. வண்டி ரப்பர் டயரில் நிற்பதால் அதன் உடல் மண்ணிலிருந்து விலகியிருக்கிறது. ஒரு காலை மண்ணிலும் ஒரு கையைக் கதவிலும் வைக்கும் மனிதர்தான் இரண்டையும் இணைக்கிறார்.

பிரிட்டனில் 2002-ல் வந்த மின் விநியோகப் பாதுகாப்பு விதிகள் இதை நேராகவே சொல்கின்றன. ஒன்பதாம் விதியின் நான்காம் பிரிவு: விநியோக நிறுவனம் தன் கூட்டுக் கம்பியைக் கேரவனின் அல்லது படகின் எந்த உலோகப் பகுதியோடும் இணைக்கக் கூடாது. முகாம் தளங்களில் இது கண்டிப்பாகப் பின்பற்றப்படுகிறது. வீட்டு வாசலில் தற்காலிகமாகச் செருகுவதற்கு இது பொருந்துமா என்று அங்குள்ள எலக்ட்ரீஷியன்கள் இன்னும் வாதிடுவதுண்டு. எனக்கு அந்த வாதம் தேவையில்லாததாகவே படுகிறது. முகாமின் புல்லுக்கும் வீட்டின் புல்லுக்கும் இயற்பியல் வேறு வேறு அல்ல.

சரி, வீட்டு எர்த் வேண்டாம் என்றால் வண்டிக்கு எந்த எர்த்? அதற்கென்றே தனியாக ஒன்று. சாக்கெட்டுக்குப் பக்கத்தில் மண்ணில் ஒரு செம்புப் பூச்சுக் கம்பியை அடித்து இறக்கி, சாக்கெட்டின் எர்த்தை அதோடு மட்டும் இணைப்பது. ஃபேஸும் நியூட்ரலும் வீட்டிலிருந்து வரும். எர்த் மட்டும் வராது. டி.டி. முறை என்று இதற்குப் பெயர். தெருவில் எந்தக் கம்பி அறுந்தாலும் வண்டியின் உடல், அதைத் தொடுபவர் நிற்கும் மண்ணோடேயே இருக்கும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. வீட்டுப் பின்புறம் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றிவைக்கும் எர்த் குழி நமக்குத் தெரியும். அதன் பின்னால் அழகான ஓர் இயற்பியல் இருக்கிறது. கம்பியிலிருந்து மண்ணுக்குள் பரவும் மின்னோட்டம், வெங்காயத் தோல்கள் போல ஒன்றைச் சுற்றி ஒன்றாக அமைந்த மண் அடுக்குகளைக் கடந்து போகிறது. கம்பியை ஒட்டிய அடுக்கு மிகச் சிறியது. அத்தனை மின்னோட்டமும் அந்தச் சிறு பரப்பில் நெருக்கியடித்துப் புக வேண்டும். வெளியே போகப்போக அடுக்கின் பரப்பு விரிகிறது, தடை குறைகிறது. ஆகவே மொத்தத் தடையில் பெரும்பங்கு கம்பிக்கு மிக அருகிலுள்ள மண்ணிலேயே இருக்கிறது. கரியும் உப்பும் அந்த முதல் சில அடுக்குகளைத்தான் சீர்செய்கின்றன.

இதிலிருந்து எதிர்பாராத ஒரு முடிவும் கிடைக்கிறது. கம்பியைத் தடிமனாக்குவதால் பெரிய பலன் இல்லை, ஆழமாக்குவதால் உண்டு. மின்தடைத் திறன் 100 ஓம்-மீட்டர் உள்ள மண்ணில் 16 மில்லிமீட்டர் தடிமனும் 1.2 மீட்டர் நீளமும் உள்ள கம்பிக்குத் தடை சுமார் 72 ஓம் வரும். தடிமனை இரட்டிப்பாக்கினால் 62 ஓம்தான் ஆகிறது. நீளத்தை இரட்டிப்பாக்கினால் 40 ஓமுக்கு இறங்கிவிடுகிறது. பிரிட்டனில் விற்கும் கம்பிகள் பெரும்பாலும் 1.2 மீட்டர் துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று திருகி நீட்டிக்கும்படி வருவதன் காரணம் இதுதான். ஆழத்தில் இன்னொரு லாபம்: மேல்மண் கோடையில் காய்ந்துபோகும், குளிர்காலத்தில் உறையும். கீழே ஈரம் நிலையாக இருக்கும். களிமண் தோட்டம் வாய்த்தவருக்கு வேலை சுலபம். சுண்ணாம்புப் பாறையும் மணலும் உள்ள இடங்களில் சுத்தியல்தான் தேயும்.

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மண்ணின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொண்டால், வண்டிக்குள் ஃபேஸ் உடலைத் தொட்டாலும் பாயப்போவது 2.3 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு சாதாரண விளக்குச் சுமை. அசையாது. வண்டியின் உடல் கிட்டத்தட்ட 230 வோல்ட்டில் மணிக்கணக்கில் நிற்கலாம். ஆனால் ஆர்.சி.டி.க்கு 2.3 ஆம்பியர் கசிவு என்பது தன் எல்லையைப் போல் எழுபது மடங்குக்கு மேல், உடனே துண்டித்துவிடும். பி.எம்.இ.யில் இரண்டாவது காவலாக இருந்த ஆர்.சி.டி. இங்கே ஒரே காவலாகிறது. எழுத்துக் கணக்கின்படி 50 வோல்ட்டை 30 மில்லி ஆம்பியரால் வகுத்து 1,667 ஓம் வரை மண்தடை இருக்கலாம். ஆனால் 200 ஓமைத் தாண்டும் எர்த் பருவத்துக்குப் பருவம் மாறும், அதை நம்ப முடியாது என்பது பிரிட்டனின் மின்கம்பி வேலை விதிநூலான பி.எஸ். 7671-ன் எச்சரிக்கை.

ஆர்.சி.டி.யின் வகையையும் கவனிக்க வேண்டும். பழைய ஏ.சி. வகை, தூய மாறுமின்னோட்டக் கசிவை மட்டுமே உணரும். மோட்டார்ஹோமின் பேட்டரி சார்ஜர் போன்ற மின்னணுக் கருவிகள் நேர்மின்னோட்டம் கலந்த கசிவைத் தரக்கூடும். அது காந்த வளையத்தை மந்தமாக்கிவிடும். எனவே ஏ வகையாவது வேண்டும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

வேலையின்போது தவறு நுழையும் இடம் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மண்ணுக்கடியில் வரும் கேபிளின் எஃகுக் கவசம் வீட்டுப் பக்கத்தில் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும், இணைக்கப்பட்டிருக்கவும் வேண்டும். நாளை யாராவது மண்வெட்டியால் கேபிளை வெட்டினால் பிரேக்கர் விழுவதற்கு அது தேவை. ஆக அந்தக் கவசம் வீட்டின் பி.எம்.இ. எர்த்தைச் சுமந்துகொண்டு சாக்கெட் பெட்டிவரை வந்து நிற்கிறது. அங்கே உலோகப் பெட்டியை வைத்து, கேபிளைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கும் பித்தளை கிளாண்டை முறுக்கினால் போதும், பெட்டியும் சாக்கெட்டின் எர்த்தும் வண்டியும் எல்லாமே வீட்டு எர்த்தோடு சேர்ந்துவிடும். மண்ணில் அடித்த கம்பி அங்கே அலங்காரமாக நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். அதனால் பிளாஸ்டிக் பெட்டி, கிளாண்டின் மேல் பிளாஸ்டிக் உறை, உள்ளே கவசத்தின் கம்பிகள் எதோடும் சேராமல் தனியே முடித்து விடப்பட்ட நிலை. பெட்டிக்குள் சாக்கெட்டின் எர்த் முனையிலிருந்து கிளம்பும் பச்சை-மஞ்சள் ஒயர் ஒன்றே ஒன்று. அது மண்ணை நோக்கி மட்டும் போக வேண்டும்.

இரண்டு எர்த்களையும் ஒருவரே ஒரே நேரத்தில் தொட்டுவிடவும் கூடாது. வண்டியில் ஒரு கையும், வீட்டு எர்த்தோடு இணைந்த வெளிச்சுவர் உலோகக் குழாயில் மறு கையும் வைத்தால், இத்தனை பாடுபட்டுப் பிரித்ததை அவர் உடலே சேர்த்துவிடும். இரண்டையும் ஒருவர் ஒரே நேரத்தில் எட்டக்கூடிய தூரமாக விதிநூல் கொள்வது 2.5 மீட்டர். மண்ணுக்கடியிலும் அதே கவலைதான்: வீட்டு எர்த்தோடு இணைந்த பழைய உலோகக் குழாய்க்குப் பக்கத்தில் கம்பியை அடித்தால், அங்குள்ள மண்ணே அந்தக் குழாயின் வோல்டேஜை வாங்கிக்கொள்ளும். கம்பி இறங்கும் வழியில் கேஸ் குழாயோ வேறு கேபிளோ இருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்ப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இவ்வளவு வேண்டாம் என்பவர்களுக்குப் பிரிப்பு டிரான்ஸ்ஃபார்மர் என்ற மாற்று வழி இருக்கிறது. வண்டிக்கு வரும் இரண்டு கம்பிகளுமே மண்ணோடு தொடர்பற்றுப் போய்விடும். 16 ஆம்பியருக்கு அது பெரிய, கனமான பெட்டியாக இருக்கும். சாதாரண வீடுகளில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

இங்கிலாந்தில் புதிய சுற்று போடுவது கட்டட விதிகளின் பி பகுதியின்கீழ் வருகிறது. பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்து சான்றிதழ் தர வேண்டும், இல்லையென்றால் உள்ளாட்சிக்கு முன்னறிவிக்க வேண்டும். கைத்திறன் உள்ளவர்கள் பள்ளம் வெட்டிக் கேபிள் பதிக்கலாம், அறுபது சென்டிமீட்டர் ஆழம், மேலே மஞ்சள் எச்சரிக்கை நாடா. இணைப்பையும் சோதனையையும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே என் விருப்பம். மண்ணின் தடையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளக்கும் கருவி அவரிடம்தான் இருக்கிறது.

மின்சாரக் கார்கள் பெருகியதும் இதே கேள்வி பிரிட்டனின் லட்சக்கணக்கான வாசல்களுக்கு வந்துவிட்டது. காரும் டயரில் நிற்கும் உலோகப் பெட்டிதானே. வீடு வீடாகக் கம்பி அடிப்பது நடைமுறைக்கு ஒத்துவராததால், சார்ஜர் தயாரிப்பாளர்கள் வேறு வழி கண்டார்கள். சார்ஜருக்குள்ளேயே வோல்டேஜைக் கண்காணிக்கும் சுற்று. அது 207-க்குக் கீழே போனாலோ 253-க்கு மேலே ஏறினாலோ தெருவில் கூட்டுக் கம்பி அறுந்திருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, 5 விநாடிக்குள் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் சேர்த்துத் துண்டிக்கும். எர்த்தையும் துண்டிக்கும் சுவிட்ச் என்பது பழைய தலைமுறை எலக்ட்ரீஷியன்களுக்கு ஜீரணிக்கக் கடினமான யோசனை. ஆனால் அந்தப் பழுதின் பாதையை ஒருமுறை பின்தொடர்ந்து பார்த்தவர்களுக்கு அது ஒன்றே சரியென்று புரியும். கேரவன்களுக்கான 2002 விதியோ இணைப்பையே தடுக்கிறது என்பதால், மோட்டார்ஹோமுக்கு இன்றும் மண்ணில் அடித்த கம்பிதான் தெளிவான வழி.

வேலை முடிந்தபின் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது அதிகமில்லை. சாக்கெட் பெட்டியிலிருக்கும் ஆர்.சி.டி.யில் டி என்று எழுதிய சிறு பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே ஒரு மின்தடை வழியே வேண்டுமென்றே கசிவை உண்டாக்கி, சுவிட்ச் விழுகிறதா என்று காட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்கிறது விதிநூல்; டி.டி. எர்த்தில் அது ஒரே காவல் என்பதால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அழுத்திவிடுவது இன்னும் நல்லது. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தப் பொத்தான் சுவிட்சின் இயக்கத்தைத்தான் சோதிக்கிறது, மண்ணில் இருக்கும் கம்பியை அல்ல. எர்த் ஒயர் கிளாம்ப்பிலிருந்து கழன்று கிடந்தாலும் பொத்தான் வேலை செய்யும். ஆகவே மண்ணில் அடித்த கம்பியின் தலைப்பில், தரைமட்டத்தில் இருக்கும் சிறிய ஆய்வுப் பெட்டியின் மூடியைத் திறந்து, கிளாம்ப் இறுக்கமாக இருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்று பார்ப்பது தனி வேலை. மண்தடையை அளக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதானால் நீண்ட வறட்சிக்குப் பிந்தைய ஒரு நாளில் கூப்பிடுங்கள். மழைக்கு மறுநாள் எந்தத் தோட்டமும் நல்ல எண்ணையே காட்டும்.